ஸ்பிரிங்கை வெட்டுமுன் டயரின் தேதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தாழ்த்திக்கொண்டால், ஏற்காடு மாதிரி மலைப்பாதை வளைவுகளில் தண்டவாளத்தில் போவதுபோலப் போகலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையில் மற்றதெல்லாம் சரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே பேச்சை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் நான். கடிதம் கொஞ்சம் நீளம். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். நான் ஸ்பிரிங்கை வெட்டிய கதையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எனக்கு வயது 52. செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்தே கொலுசுப் பட்டறை. டிபன் பாக்ஸுக்குள் வெள்ளியை வைத்துக்கொண்டு டி.வி.எஸ். 50-இல் ஊரைச் சுற்றிய காலத்திலேயே, ஒரு நாள் இரண்டு சீட்டு வண்டி ஒன்று வாங்கி ஏற்காடு ஏற வேண்டும் என்று ஆசை. 2018-இல்தான் அது நடந்தது. கோவையில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு பி.எம்.டபிள்யூ இசட்4, 2011 மாடல். பட்டனை அழுத்தினால் கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும். மூக்கு நீளம், ஓட்டுகிறவர் ஏறக்குறைய பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். வீட்டம்மா வாசலில் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி. மீதி ரெண்டு பேர் பஸ்ஸுல வரணுங்களா?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போகும்போது வெளிச்சம் வந்துவிடும். அங்கே ஒரு டீ. அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எட்டரை மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் வெளியூர் வேன்கள் ஏற ஆரம்பித்துவிடும், வளைவில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கெட் போடுவார்கள்.

முதல் மாதமே வண்டியில் இரண்டு குறை தெரிந்தது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்பாது. வெளிப்பக்கமே வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டுப்போட்ட தார் மேல் ஏறினால் நடுமுதுகில் சுத்தியலால் தட்டியது மாதிரி இருக்கும். 'நாற்பது வயதுக்கு மேல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் இப்படித்தான் இருக்கும் போல' என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வளைவில் மூக்கு வெளியே போவதற்கும் என் முதுகுக்கும் சம்பந்தமில்லையே. விசாரித்தேன். கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது ஒன்றுதான். "ஸ்பிரிங் மாத்துங்க, வண்டியை இறக்குங்க."

நகரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் குட்டை ஸ்பிரிங் செட்டுக்கு விலை சொன்னார். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு சுத்து எடுத்துவிட்டா அதேதாண்ணா. கூலி ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க போதும்" என்றார். எனக்குள் இருக்கும் வியாபாரி உடனே தலையாட்டிவிட்டான். முன்சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து நிற்கும் தூணான ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, கேஸ் வெல்டிங் நெருப்பை ஒரே இடத்தில் காட்டினார்கள். கம்பி சிவந்து, மஞ்சளாகி, ஒரு வளையம் டங்கென்று தரையில் விழுந்தது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் வெள்ளியைக் கம்பியாக இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் ஒடிந்துவிடும். அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டுவோம். சிவந்ததும் கம்பி நூல் மாதிரி இளகிவிடும். பட்டறைக்கு வரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்: நெருப்புப் பட்டால் உலோகத்தின் முறுக்குப் போய்விடும். ஸ்பிரிங் எஃகு என்பதே, காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் கொண்டுவந்த கம்பி. அந்தப் பதத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. அதில் கேஸ் நெருப்பைக் காட்டினால் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஓரிடம் இளகும், ஓரிடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்குப் போகும். முப்பது வருடமாக வெள்ளியில் தினம் பார்க்கும் விஷயம், எஃகு என்றதும் மறந்துபோனது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கண்ணை மறைத்துவிட்டது.

வெட்டியதில் இன்னொரு கோளாறும் உண்டு. கம்பெனி ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அடியில் இருக்கும் கிண்ணத்தில் பொருந்தி உட்காரும்படி வளைத்திருப்பார்கள். வெட்டிய ஸ்பிரிங்குக்கு அது கிடையாது. வெட்டுவாய் கிண்ணத்தில் ஒரு முனையில் மட்டும் குத்திக்கொண்டு நிற்கும். திரும்பும்போதெல்லாம் "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "செட் ஆகிடும்" என்றார்.

அடுத்த ஞாயிறு மலை ஏறினேன். வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாது. முதல் சில வளைவுகளில் சாய்வு குறைந்த மாதிரி தெரிந்தது, எனக்கும் தெம்பு வந்துவிட்டது. பாதி மலையில் ஒரு வளைவு. திரும்பிக்கொண்டே இருக்கும்போது, வெளிப்பக்க முன்சக்கரம் ஒரு தார் ஒட்டின் மேல் ஏறியது. உள்ளங்கை உயரம்கூட இருக்காது. மூக்கு ஒரு துள்ளு துள்ளி இரண்டடி வெளியே போய் இறங்கியது. அந்தப் பக்கம் மேலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் முன்பே பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தார். என்னைத் திட்டவில்லை. கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஷாக் அப்சார்பரின் தண்டில் தொப்பி மாதிரி ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும். சக்கரம் மேலே ஏறி இடம் முழுக்கத் தீர்ந்துபோனால், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க அது. ஏழு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் ஆறில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருக்கும் இடமோ பாதிக்கு மேல் போய்விடுகிறது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போதே அந்த ரப்பரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாத மாதிரிதான். சின்ன மேடு வந்தாலும் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். தரையில் இல்லாத டயருக்கு ஏது பிடி?

சீலநாயக்கன்பட்டிப் பக்கம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். லாரிக்குக் கமான் பட்டை கட்டும் தொழிலிலிருந்து வந்தவர். யாரோ சொல்லி அவரிடம் போனேன். ஸ்பிரிங்கைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் அதைக் கவனிக்கவே இல்லை. உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இங்க பாருங்க, 2312." டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2012-இன் இருபத்துமூன்றாவது வாரம் செய்த டயர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதிகம் ஓட்டவில்லை, அதனால் பூ தேயவில்லை. பூ இருந்தால் டயர் நல்ல டயர் என்று நானும் நினைத்துவிட்டேன். அவர் நகத்தால் அழுத்திக் காட்டினார். டயரின் ரப்பர், செருப்புக்கு அடியில் போடும் கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது.

போதாததற்கு அவை ரன்-பிளாட் டயர்கள். இந்த வகை வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதிலாக, காற்றே இல்லாவிட்டாலும் மெதுவாக எண்பது கிலோமீட்டர் போகும்படி பக்கச்சுவரைத் தடியாகச் செய்த டயர் போட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், இரவில் தொப்பூரில் பஞ்சர் ஆனவருக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் பக்கச்சுவர் தடித்துப் போனால் டயர் நசுங்கிக் கொடுக்காது, மேட்டில் தவ்வும். நசுங்கிக் கொடுப்பது டயரின் வேலையில் பாதி.

அவர் அடுத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து உதடு மாதிரி திறந்து மூடியது. பின்பக்க ஷாக்கில் ஒன்று எண்ணெய் கசிந்து தூசு படிந்து கறுத்திருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், முன்சக்கரங்களில் ஒன்றுக்கு மைனஸ் 0.4 டிகிரி, மற்றதுக்கு மைனஸ் 1.1. ஒரு கால் நேராக, ஒரு கால் கோணலாக நிற்கிறது. "இந்த வண்டி வளைவுல ஒழுங்காப் போகாததுக்கு ஸ்பிரிங் காரணமில்லைங்க. காரணம் இல்லாதது எதுவோ அதை மட்டும் வெட்டியிருக்கீங்க" என்றார். பொடி வைத்துப் பேசுவது எங்கள் தொழில்காரர்கள் வேலை என்பார்கள். லாரிக்காரர்களும் நன்றாகவே பேசுகிறார்கள்.

ரன்-பிளாட் இல்லாத சாதாரண டயர்கள் நான்கு, முன்னால் 225/40, பின்னால் 255/35, எல்லாம் 18 அங்குலம். லோயர் ஆர்ம் இரண்டும் புதிதாக. ஷாக் நான்கும், கம்பெனி அளவு ஸ்பிரிங் நான்கும். டிக்கியில் ஒரு பஞ்சர் கிட், சின்னக் காற்றடிக்கும் மோட்டார். கடைசியாக அலைன்மென்ட். எவ்வளவு ஆனது என்று எழுதமாட்டேன், இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது.

அதற்கப்புறம் மலை ஏறிய அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம், கோடை மழை ஒன்று பெய்து முடிந்திருந்தது. மேலே காப்பித் தோட்டங்களில் பூப் பூத்து, மல்லிகை மாதிரி வாசம் கூரை திறந்த வண்டிக்குள் வந்தது. வண்டி பழைய உயரத்தில் நின்றது, வளைவில் கொஞ்சம் சாயத்தான் செய்தது. ஆனால் மூக்கு சொன்ன இடத்துக்குத் திரும்பியது. அதே ஒட்டின் மேல் அதே சக்கரம் ஏறியது. தொம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டீயரிங் கையில் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாழ்த்தினால் நல்லது என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட வேண்டும். வண்டி 1,500 கிலோ, அதன் பாரத்தின் மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வண்டியின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும் அளவுக்கு ஒரு வளைவை எடுத்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 400 கிலோ பாரம் மாறும். 750-ம் 750-ம் ஆக இருந்தது 350-ம் 1,150-ம் ஆகிவிடும். இப்போது வண்டியை 25 மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். மாறும் பாரம் 380 கிலோ. அதாவது இருபது கிலோ மிச்சம். ஒரு மூட்டை ஜவ்வரிசி அளவுகூடத் தேறாது.

ஸ்பிரிங்கை இறுக்கினால்? இருபது கிலோகூடக் குறையாது. பாரம் மாறுவது உயரத்தையும் அகலத்தையும் வேகத்தையும் பொறுத்தது. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பது, வண்டி எவ்வளவு சாய்கிறது, அந்தப் பாரத்தில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதைத்தான் தீர்மானிக்கும். சாய்வு குறைந்தால் பிடி கூடிவிட்டது என்று நம் இடுப்பு நினைத்துக்கொள்கிறது. இடுப்புக்குக் கணக்குத் தெரியாது.

டயருக்கு ஒரு குணம் உண்டு. பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடி இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் எந்தப் பக்கம் இறுக்குகிறோமோ அந்தப் பக்கத்துப் பிடி முதலில் தீரும். முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால் மூக்கு வெளியே போகும். நான் வெட்டியது முன்பக்க ஸ்பிரிங்கைத்தான். மூக்கு வெளியே போகிறது என்று வைத்தியம் பார்க்கப் போனவன், மூக்கை இன்னும் வெளியே தள்ளும் மருந்தை வாங்கி வந்திருக்கிறேன்.

முன்னால் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் இருக்கும் வண்டிகளில் இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்கள் அந்த வகைதான். லோயர் ஆர்ம் வண்டியிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். வண்டியை இறக்கினால் அது படுத்துவிடும், ரொம்ப இறக்கினால் மேல்நோக்கித் திரும்பிவிடும். அதன் பிறகு வளைவில் சாயச் சாய, வெளிப்பக்க டயரின் தலை வெளியே சாய்ந்து, டயர் தன் ஓரத்தில் நிற்கும். அதுவுமில்லாமல், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய வண்டிக்குச் சாய்வதற்கு இன்னும் நீளமான நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. ஒழுங்காகச் செய்கிறவர்கள், லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் மூட்டான பால் ஜாயின்ட்டின் உயரத்தையும் சேர்த்து மாற்றுவார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கூலியில் அது வராது.

சரி, இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும்? ஒரு கொண்டை ஊசியின் வட்டம் பன்னிரண்டு மீட்டர் ஆரம் என்று வைத்தால், பத்தில் எட்டுப் பங்கு பிடியில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். பணத்தைக் கொட்டி அதைப் பத்தில் ஒன்பது பங்கு ஆக்கினால் 37. அந்த இரண்டு கிலோமீட்டருக்காகத்தான் இத்தனை பாடு. சின்னக் கொலுசு ஒன்றுக்குச் சலங்கை வைத்து ஊதுகிற நேரம்கூட மேலே மிச்சமாகாது.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கை ஊறத்தான் செய்தது. டயரும் புஷ்ஷும் சரியான பிறகு, பின்பக்கத்துக்குத் தடியான ஆன்டி ரோல் பார் ஒன்று போடலாமா என்று யோசித்தேன். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் கம்பி அது. வண்டி சாயும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அதன் இறுக்கம் குறுக்களவின் நாலாவது அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 போட்டால், பார்வைக்கு இரண்டு மில்லிமீட்டர்தான், இறுக்கத்தில் 46 சதவீதம் கூடுதல். கம்பி இழுக்கும் தொழிலில் இருப்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு. பின்பக்கம் இறுகினால் மூக்கு இன்னும் கூர்மையாகத் திரும்பும் என்பது உண்மைதான். அலைன்மென்ட் அண்ணனிடம் கேட்டேன். "ஏப்ரல்ல நல்லாத்தான் இருக்கும். நவம்பர்ல மழை பெஞ்சு, வளைவுல சருகும் மண்ணும் கிடக்கும்போது, உங்க வண்டியோட பின்பக்கம் முன்னாடி வந்து உங்களுக்கு வணக்கம் வைக்கும்" என்றார். பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வண்டி. போடவில்லை. அது மட்டுமல்ல, இரண்டு சக்கரத்தையும் ஒரு கம்பியால் கட்டிவிட்டால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழும்போது மற்றதையும் இழுத்துக்கொள்ளும். சமமான தாரில் அது தெரியாது. நம் மலையில் தெரியும்.

சமமான தார் வேண்டுமென்றால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது. இந்தியாவிலேயே கார் பந்தயத்துக்கு வண்டி கட்டிய கரிவர்தன் பெயரில் அமைந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பாதை இருக்கிறது. அங்கே ஓட்டுகிறவர்கள் இறுக்கமான ஸ்பிரிங், உயரத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்ட்ரட், மைனஸ் மூன்று டிகிரி கேம்பர் எல்லாம் வைக்கட்டும், அங்கே அது சரி. அந்த வண்டியை அப்படியே கொண்டுவந்து ஏற்காட்டில் ஏற்றினால் வேகத்தடையிலேயே தட்டி நிற்கும். பழைய லோட்டஸ் கார்களைச் செய்த காலின் சாப்மன், பந்தயத்தில் ஊறிய மனிதர், சாலைக்கு என்று எலான் வண்டியைக் கொண்டுவந்தபோது, ஸ்பிரிங்கை மென்மையாக வைத்து ஷாக்கைச் சரியாக வைத்தார். வண்டி எடையையும் 700 கிலோவுக்குள் அடக்கினார். 1962-இல் வந்த வண்டி, வளைவுக்கு அதைத்தான் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

ஷாக் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். அது துள்ளாமல் பிடித்து நிறுத்துவது ஷாக். ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்தால், அடக்க ஆளில்லாத பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும். வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டு, மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆடாமல் நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முழுக்க நம்பவும் முடியாது. எண்ணெய்க் கசிவையும் குனிந்து பார்க்க வேண்டும்.

காற்று இன்னும் சின்ன விஷயம், ஆனால் இதற்குக் காசே கிடையாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். அது வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. மலை இறங்கி வந்து சூடான டயரில் பங்க்கில் பார்த்து, 'கூடுதலாக இருக்கிறது' என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

சட்டத்தையும் நீங்கள் குறிப்பிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் இருப்பது தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறிப்போகும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். தேய்ந்த ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதிது போடுவதற்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஸ்பிரிங்கை வெட்டியதை யாராவது கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த பஸ் டிரைவரைப் பற்றி ஒன்று. அதற்கப்புறம் ஒரு வாரம் வேண்டுமென்றே காரை எடுக்காமல், காலை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து ஏற்காடு போனேன். அவர் இல்லை, வேறொருவர். கமான் பட்டை மேல் நிற்கும் வண்டி, ஆடாமல் இருக்குமா? ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தை முழுக்கக் குறைத்து, கியரைப் போட்டு முடித்துவிடுகிறார். வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஸ்டீயரிங்கை ஒரே சீராகச் சுற்றுகிறார், பாதியில் நிறுத்தித் திருத்துவதில்லை. மேலே ஏறும் வண்டிக்கு வழி விட்டுத்தான் இறங்குகிறார்கள். காய்கறிக் கூடையுடன் கம்பியைப் பிடிக்காமல் நின்றிருந்த ஓர் அம்மா, இருபது வளைவிலும் ஓர் அடிகூட நகரவில்லை. அடுத்த ஞாயிறு காரில் போகும்போது நானும் பக்கத்துச் சீட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வளைவிலேயே பேன்ட் நனைந்தது. இப்போது பத்து வளைவு வரை தாங்குகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த வாகனப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். முதலில் டயரின் தேதி, அப்புறம் புஷ், ஷாக், அலைன்மென்ட், இதெல்லாம் சரியான பிறகும் குறை இருந்தால் மட்டும் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு வரி போதும். உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் ஒரு பையன் தன் ஹாட்ச்பேக்கோடு அதே கடைக்கு விலை கேட்கப் போய்விட்டு வந்தான். நல்லவேளையாக என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பட்டறைக்கு வந்தான்.

அன்றைக்கு என் வண்டியிலிருந்து வெட்டி விழுந்த இரண்டு வளையங்களையும் தூக்கிப் போடவில்லை. ஒன்று பில் காகிதம் பறக்காமல் இருக்க என் மேசை மேல் கிடக்கிறது. இன்னொன்றை அந்தப் பையன் கையில் கொடுத்தனுப்பினேன். வெட்டிய முனையில் நீலமும் பழுப்புமாக ஒரு பட்டை ஓடியிருக்கும், நெருப்புப் பட்ட இடம் அதுதான். அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனான்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெயரைப் போட வேண்டாம். அந்தக் கடைக்காரரும் உங்கள் வாசகர்தான், வீட்டம்மாவும் உங்கள் வாசகர்தான்.